விசில் ஊதினால் விளையாட வேண்டும்

சூசைமுத்து சார் முப்பது வருஷத்துக்கு மேல் பி.டி. மாஸ்டராக வேலை பார்த்தார். அத்தனை வருஷத்தில் அவர் பிள்ளைகளை விளையாட விட்டது குறைவு. கணக்கு சார் வகுப்பு வாசலில் வந்து நின்று, "சூசை, போர்ஷன் முடியல..." என்று இழுப்பார். உடனே எங்கள் விளையாட்டுப் பீரியடு கணக்குப் பீரியடாகிவிடும். கணக்கு சார் கேட்காத வாரத்தில் அறிவியல் டீச்சர் கேட்பார். யாருமே கேட்காவிட்டால் சாரே ஸ்டாஃப் ரூமுக்குப் போய், "யாருக்காச்சும் பீரியடு வேணுமா?" என்று விசாரிப்பார். சந்தை முடிகிற நேரத்தில் மிஞ்சிய காயைத் தள்ளிவிடுகிற வியாபாரி மாதிரி.

பீரோவுக்குள் ஒரு கால்பந்து இருந்தது. நான் ஆறாம் வகுப்பில் சேர்ந்தபோது அது புதுப் பந்து. ப்ளஸ் டூ முடித்து வெளியே வந்தபோதும் அது புதுப் பந்துதான்.

இப்போது அவர் ரிட்டயர் ஆகி, மேட்டுப்பட்டியில் தன் வீட்டிலேயே சின்னப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்துகிறார். வாசலில் பெரிய பலகை. பட்டாம்பூச்சிப் படம். கீழே, "விளையாட்டு வழிக் கல்வி, கதை, கற்பனை, படைப்பாற்றல்" என்று எழுதியிருக்கிறது. ஊரில் எல்லோரும் அவரைப் புகழ்கிறார்கள். புகழ்ச்சியைக் கேட்டுக் கேட்டு எனக்குப் பொறுக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அவர் ஏன் இதை ஆரம்பித்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ரிட்டயர் ஆன முதல் வருஷம் அவருக்கு மோசமாக இருந்தது. ரோட்டில் யாரும் வணக்கம் சொல்லவில்லை. டீக்கடையில் பையன்கள் அவரைப் பார்த்ததும் சிகரெட்டை மறைக்கவில்லை. மாதா கோயில் திருவிழாக் கூட்டத்தில் ஒரு பயல், "பெருசு, செத்த தள்ளி நில்லு" என்று சொல்லியிருக்கிறான். அன்றைக்கு சார் சாப்பிடாமல் படுத்துவிட்டாராம். அவர் மனைவி ஜெயமேரி டீச்சர் இதை என் அக்கா ஷமாவிடம் சொல்லி வருத்தப்பட்டிருக்கிறார். அந்தச் சமயத்தில்தான் சார் ஒன்றைக் கவனித்தார். தெருவுக்குத் தெரு ப்ளே ஸ்கூல் வந்துகொண்டிருந்தது. அதை நடத்துகிறவர்களை எல்லாரும் கரஸ்பாண்டன்ட் என்று கூப்பிட்டார்கள். அவருக்கு அந்த ஒரு வார்த்தை போதும்.

பள்ளி ஆரம்பிப்பதற்கு முன்னால் காந்திகிராமம் பக்கம் ஒரு நாள் பயிற்சிக்குப் போனார். அங்கே பேசிய மேடம் ஒருவர், "பிள்ளைகளை விளையாட விட்டுட்டு நீங்க ஓரமா நில்லுங்க, அவங்க என்ன செய்யறாங்கன்னு கவனிங்க" என்று சொன்னாராம். சார் திரும்பி வந்ததும் முதல் வேலையாகக் கார் ஷெட்டின் ஓரத்தில் சிமெண்டில் ஒரு மேடை கட்டினார். அதில் ஏறி நின்றால் ஒரு பிள்ளையும் கண்ணுக்குத் தப்பாது. ஓரமாக நிற்பது என்றால் அவருக்கு அதுதான்.

என் அக்கா மகள் நுஸைபாவை அங்கேதான் சேர்த்தார்கள். அவளுக்கு நாலு வயசு. வீட்டில் வாய் ஓயாது. தலையணைக்குக் காய்ச்சல் பார்ப்பாள், செருப்புக்கு சோறு ஊட்டுவாள். எனக்குக் காலேஜ் பரீட்சை முடிந்து வேறு வேலை இல்லாததால் பேகம்பூரிலிருந்து தினமும் ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடுவதும் கூட்டி வருவதும் என் பொறுப்பு. அப்படிப் போய் நின்று பார்த்ததைத்தான் சொல்கிறேன்.

ஷெட்டில் ஒரு சறுக்குமரம் இருந்தது. பிள்ளைகள் அதன் முன்னால் உயரப்படி வரிசையாக நிற்பார்கள். கை கட்டியிருக்கும். சார் மேடையில் நின்று விசில் ஊதினால் ஒரு பிள்ளை ஏறும். இன்னொரு விசிலுக்குச் சறுக்கும். சறுக்கிய பிள்ளை வரிசையின் கடைசிக்குப் போய் மறுபடி கை கட்டிக்கொள்ளும்.

ஒரு நாள் ஜெரின் என்ற பையன் சறுக்கி வந்த வழியிலேயே திரும்ப ஏறப் பார்த்தான்.

"ஏலே! ஏறுற வழி எது, எறங்குற வழி எது?"

"எறங்குற வழியில ஏறுனா நல்லா இருக்கு சார்."

"நல்லா இருக்கா? போ, போய்க் கடைசில நில்லு. எல்லாருக்கும் ரூலு ஒண்ணுதான்."

ஜெரின் அழவில்லை. ஆனால் அதற்கப்புறம் சறுக்குமரம் பக்கம் அவன் முறை வரும்போதெல்லாம் ஒன்றுக்குப் போக வேண்டும் என்று கையைத் தூக்க ஆரம்பித்தான்.

பொம்மைகள் எல்லாம் வாங்கி வந்த பிளாஸ்டிக் கவரோடு அலமாரியில் இருந்தன. "உடைஞ்சிரும்" என்பது ஜெயமேரி டீச்சரின் மந்திரம். பிள்ளைகள் கரடியைத் தொடலாம், கவருக்கு மேலே. கதை நேரமும் உண்டு. சார் கதை சொல்லத் தொடங்கும்போதே, "இந்தக் கதையிலேருந்து என்ன தெரியுது?" என்று கேட்டுவிடுவார். பிள்ளைகளும் விவரமானவர்கள். நரி வருவதற்குள், "பொய் சொல்லக் கூடாது சார்" என்று கோரஸாகச் சொல்லிக் கதையை முடித்துவிடுவார்கள்.

படம் வரைகிற நாளில் நுஸைபா யானைக்கு ஊதா நிறம் அடித்திருந்தாள். டீச்சர் அதை என்னிடம் காட்டி, "யான எங்கயாச்சும் கத்திரிக்கா கலர்ல இருக்குமாப்பா?" என்று சிரித்தார்.

"இது ராத்திரி யான" என்றாள் நுஸைபா, என் காலைக் கட்டிக்கொண்டு, மெதுவாக.

டீச்சர் காதில் அது விழவில்லை. மறுநாள் சுவரில் இருபது சொச்சம் யானைகள் ஒட்டப்பட்டிருந்தன. எல்லாம் சாம்பல் நிறம், எல்லாம் கோட்டுக்குள்ளே, எல்லாம் ஜெயமேரி டீச்சர் கை. கீழே மட்டும் பிள்ளைகளின் பெயர்.

சில மாதத்தில் நுஸைபா பள்ளியில் பேசுவதை நிறுத்திவிட்டாள். கேட்டால் தலையை ஆட்டுவாள், அவ்வளவுதான். சார் அவளை "நல்ல பிள்ளை" என்று பாராட்டினார்.

இந்த நேரத்தில் மச்சான் அப்துல் சுக்கூருக்குக் கோபம் வந்தது. நியாயமான கோபம் என்று நினைத்துவிட வேண்டாம். மச்சானுக்கு பேகம்பூரில் தோல் மண்டி. அவர் எந்த டாக்டரிடம் போகிறாரோ அதே டாக்டரிடம்தான் அந்தத் தெருவே போகும். அவருடைய குறை, மகள் பேசாமல் போனது அல்ல.

"பக்கத்து வீட்டுப் பய இசட் வரைக்கும் எழுதுறான். இவ ஏ கூட எழுதல. விளையாடுறதுக்கு ஒரு ஸ்கூலு, அதுக்கு ஒரு யூனிஃபாரமு! பைபாஸ் பக்கம் புதுசா ஒண்ணு வந்திருக்கு. எல்கேஜியிலயே அபாகஸு."

"அவ அங்க எங்க விளையாடுறா?" என்றாள் அக்கா. "கை கட்டி நிக்கிறா."

"அப்ப அதுவும் இல்லயா? டீசி வாங்கிருவோம்."

மறுநாள் அவரே தொந்தியைத் தள்ளிக்கொண்டு நேரில் வந்து, பிள்ளைகள் முன்னாலேயே சாரிடம் சொல்லிவிட்டார். "கோவிச்சுக்காதீங்க சார். அடுத்த மாசம் உங்க ஆண்டு விழாவப் பாப்போம். பிள்ளைக எதாச்சும் கத்துருக்குன்னு தெரிஞ்சா சரி. இல்லாட்டி நாங்க அஞ்சாறு வீடும் டீசி வாங்கிக்கிறோம்."

அஞ்சாறு வீடு என்றால் பள்ளியில் ஏறக்குறைய கால்வாசி. அவர்கள் போனால் மற்றவர்களும் போவார்கள். பள்ளி மூடினால் சார் மறுபடியும் யாரோ ஒரு பெருசு. அவர் முகத்தில் அன்றைக்கு நான் பயத்தைப் பார்த்தேன். பயந்த மனுஷன் புத்தியைத் தீட்டுவான் என்று எதிர்பார்த்தேன். அவர் விசிலைத் தீட்டினார்.

ஆண்டு விழாவுக்கு அவர் வைத்த நிகழ்ச்சியின் பெயர் "சுதந்திர விளையாட்டு". பிள்ளைகள் பெற்றோர் முன்னால் தாங்களாகவே, தங்கள் கற்பனைப்படி விளையாடுவார்கள். அதற்கு ஒரு மாதம் ஒத்திகை.

இதை நான் ஜோடிக்கவில்லை. தரையில் சாக்பீஸால் வட்டம் போட்டு ஒவ்வொரு வட்டத்திலும் ஒரு பிள்ளையை நிறுத்தினார். முதல் விசிலுக்கு ஏஞ்சலின் பொம்மையைத் தாலாட்ட வேண்டும். இரண்டாவது விசிலுக்கு ஜெரின் கட்டைகளை அடுக்க வேண்டும், உயரமாக, ஆனால் விழாமல். நுஸைபா பிளாஸ்டிக் கப்பில் டீ ஊற்றி, "டேக் டீ, டாடி" என்று சொல்ல வேண்டும். வீட்டில் அவள் அத்தா என்றுதான் கூப்பிடுவாள். டாடி யார் என்று என்னிடம் கேட்டாள்.

"ஏலே ஜெரினு, எதுக்குடா முழிக்கிற? ஜாலியா அடுக்கு!"

"ஏஞ்சலின், சிரிச்ச முகமா தாலாட்டு. இந்தா, பல்லு தெரியணும்."

"யாரு அங்க, வட்டத்த விட்டு வெளிய? சுதந்திரமா விளையாடுறப்ப வட்டத்துக்குள்ளதான் விளையாடணும்!"

வாசலில் நின்றிருந்த நான் சிரித்துவிட்டேன். சார் திரும்பி முறைத்தார். "என்னலே இளிப்பு? நீ என்கிட்ட படிச்ச பயதான. ஒழுங்கா நின்னியா ஒரு நாளாச்சும்?"

விழா நாள் வந்தது. ஷெட்டுக்கு முன்னால் பந்தல், வாடகை நாற்காலி, மைக். பெற்றோர் எல்லாரும் வந்து செல்போனைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். மச்சான் முன் வரிசையில் கால்மேல் கால் போட்டு, பரீட்சைப் பேப்பர் திருத்த வந்தவர் மாதிரி இருந்தார். சார் கோட்டு போட்டிருந்தார். ஃபோட்டோவில் விசில் கயிறு அசிங்கமாகத் தெரியும் என்று ஜெயமேரி டீச்சர் அதைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டார்.

சிறப்பு விருந்தினர் வடமதுரைக்காரர், ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர். நம் ஊரில் சிறப்பு விருந்தினர் நேரத்துக்கு வந்தால் அவர் சிறப்பு விருந்தினர் இல்லை. "வந்துகிட்டே இருக்கேன்" என்று போனில் சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் வராமல் எதையும் தொடங்கக் கூடாது. சாரும் டீச்சரும் பொன்னாடையைக் கையில் வைத்துக்கொண்டு ரோட்டில் போய் நின்றார்கள். போவதற்கு முன் சார், "விரல் உதட்டுல. நான் வர்ற வரைக்கும் யாரும் அசையக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கென்று பொம்மைகளைக் கவரிலிருந்து எடுத்து வட்டத்துக்குள் வைத்திருந்தார்கள்.

பிள்ளைகள் நெடுநேரம் அசையவில்லை. அது ஒன்றே போதும், அந்தப் பள்ளி எப்படிப்பட்டது என்று சொல்ல. பிறகு நுஸைபா வட்டத்தை விட்டு வெளியே வந்தாள். மேசையிலிருந்த விசிலை எடுத்துக் கழுத்தில் மாட்டினாள். அது அவள் முழங்கால் வரைக்கும் தொங்கியது. நேராகப் போய் சாரின் சிமெண்டு மேடையில் ஏறி நின்றாள். ஒரு கையை இடுப்பில் வைத்தாள்.

"ஏலே! எல்லாரும் கையக் கட்டு!"

கூட்டம் திரும்பிப் பார்த்தது. அக்கா என் கையைப் பிடித்தாள்.

பிள்ளைகளுக்கு ஒரு நொடியில் புரிந்துவிட்டது. ஓடிப்போய் பொம்மைகளை அள்ளி வந்து மேடைக்கு முன்னால் உயரப்படி நிறுத்தினார்கள். கரடி, வாத்து, அள்ளிய வேகத்தில் தலை கழன்ற ஒரு பொம்மை.

"நீ எதுக்கு நிக்கிற? உனக்குத் தலை எங்க? போ, போய்த் தலைய மாட்டிட்டு வா. எல்லாருக்கும் ரூலு ஒண்ணுதான்!" பிறகு விசில். "இப்ப எல்லாரும் ஜாலியா இருக்கணும். சிரி. வாத்து, பல்லக் காட்டு. பல்லு இல்லயா? நாளைக்கு வர்றப்ப வாங்கிட்டு வா!"

ஜெரின் ஒரு துண்டைத் தோளில் சேலை மாதிரி போட்டுக்கொண்டு ஜெயமேரி டீச்சராகிவிட்டான். ஒவ்வொரு பிள்ளையிடமும் போய், "குடு, உடைஞ்சிரும். குடு, உடைஞ்சிரும்" என்று பறித்தான். கடைசியில் ஏஞ்சலின் மூக்கைப் பிடித்து, "இதையும் குடு, உடைஞ்சிரும்" என்றான்.

ஏஞ்சலின் வயிற்றை முன்னால் தள்ளிக்கொண்டு நடந்து வந்தாள். "சார், எங்க கரடி ஏ பி சி டி எழுதலயே! கரடிய வேற ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போறேன்!"

"கரடி நல்ல கரடி பாய்" என்றாள் நுஸைபா. "பேசவே பேசாது."

பந்தலே சிரித்தது. மச்சான்தான் அதிகமாகச் சிரித்தார். அந்த வயிறு யாருடையது என்று அவருக்கு உறைக்கவில்லை.

நான் சிரிக்கவில்லை. எத்தனையோ மாதமாக அந்த இடத்தில் வாயே திறக்காத பிள்ளை, கேட்டதையெல்லாம் ஞாபகம் வைத்திருந்து, எதை முதலில் சொல்வது எதை அப்புறம் சொல்வது என்று தானே அடுக்கி, மற்றப் பிள்ளைகளுக்கும் இடம் கொடுத்து, யாரும் சொல்லித் தராத ஒன்றைச் செய்துகொண்டிருந்தாள். யாராவது என்னிடம் படிப்பு என்றால் என்ன என்று கேட்டால் நான் அந்தச் சிமெண்டு மேடையைத்தான் காட்டுவேன்.

சிறப்பு விருந்தினரைக் கூட்டிக்கொண்டு சார் அப்போதுதான் கேட்டுக்குள் வந்தார். நின்றுவிட்டார். நுஸைபா அவரைப் பார்க்கவில்லை. "சுதந்திரமா விளையாடுங்க! அசையாம விளையாடுங்க!" என்று கத்திக்கொண்டிருந்தாள்.

பொன்னாடை சாரின் கையிலிருந்து பாதி சரிந்து தரையில் கிடந்தது. நான் பக்கத்தில் போய் அதை எடுத்துக் கொடுத்தேன். அவர் என்னைப் பார்க்காமலே கேட்டார்.

"ஏலே... நான் அப்டியாடா பேசுறேன்?"

"ஆமா சார்."

அவர் பொன்னாடையை மடிக்கப் பார்த்தார். கீழ் உதடு லேசாக நடுங்கியது. அவரை முதல் தடவையாக ஒரு மனுஷனாகப் பார்த்தேன். இன்னும் செத்த நேரம் அப்படியே விட்டிருந்தால் அவருக்கு ஏதாவது புரிந்திருக்கும் என்று இன்றைக்கும் நம்புகிறேன்.

மச்சான் விடவில்லை. எழுந்து நின்று கை தட்டினார். "சூப்பர் சார்! என்னா ட்ரெயினிங்! என் மக இம்புட்டுப் பேசுவாளா! அப்டியே அதட்டுறா பாருங்க, நாளைக்குக் கலெக்டரு!"

எல்லாரும் தட்டினார்கள். சாரின் உதடு நடுங்குவது நின்றது. கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். அந்த மாற்றத்தை நான் மிகக் கிட்டத்திலிருந்து பார்த்தேன்.

"அது நம்ம ஸ்பெஷல் ஐட்டம் பாய்" என்றார். "கடைசிக்கு வச்சிருந்தோம். பிள்ளைக ஆர்வத்துல முன்னாடியே ஆரம்பிச்சிட்டாங்க."

யாரும் டீசி கேட்கவில்லை. மாறாக, அந்த வீடியோ தெருவெல்லாம் சுற்றியது. மச்சான் ஸ்டேட்டஸில் வைத்தார். புதிதாகப் பிள்ளைகளைச் சேர்க்க ஆள் வந்தது. சார் ஜெயித்துவிட்டார்.

அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் "கற்பனை விளையாட்டு" என்று ஒரு பீரியடு போட்டார். பார்க்க வருகிறவர்களுக்குக் காட்ட வேண்டுமே. நுஸைபாவுக்குக் குட்டியாக ஒரு விசில் வாங்கினார். மேடையில் அவள் நிற்க வேண்டிய இடத்தில் சாக்பீஸால் வட்டம் போட்டார்.

"'உனக்குத் தலை எங்க'ன்னு கேக்கக் கூடாது பாப்பா. 'அன்பான குழந்தையே, வரிசையில் வா'ன்னு சொல்லணும். எங்க, சொல்லு."

சொன்னாள்.

"சத்தமா. கை இடுப்புல. அன்னைக்கு வச்சியே அப்டி."

வைத்தாள். ஜெரினுக்குச் சேலைத் துண்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள், டீச்சருக்கு அது பிடிக்கவில்லை. "குடு, உடைஞ்சிரும்" என்பது போய், "பொம்மைகளைப் பத்திரமாக வைப்போம்" வந்தது. வயிற்றைத் தள்ளி நடப்பதும் போனது. நாலாவது வாரமோ ஐந்தாவது வாரமோ, நான் கூட்டிவரப் போயிருந்தபோது, நுஸைபா விசிலைக் கழற்றிச் சாரிடம் நீட்டினாள்.

"சார், நான் விளையாடல. நான் ஏ பி சி டி எழுதுறேன்."

சாருக்கு அப்படி ஒரு சந்தோஷம். அங்கிருந்தே மச்சானுக்குப் போன் போட்டார். "பாய், கேட்டீங்களா? உங்க மக தானா வந்து எழுதுறேன்னு கேக்குறா. இதுதான் விளையாட்டு வழிக் கல்வி!"

நாங்கள் வீட்டுக்குப் போனபோது மச்சான் மண்டியிலிருந்து சீக்கிரமே வந்துவிட்டிருந்தார். அல்வா வாங்கி வந்திருந்தார். நுஸைபா கூடத்தில் குப்புறப் படுத்துக்கொண்டு ஏ எழுதினாள், பிறகு பி எழுதினாள், மறுபடியும் ஏ எழுதினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"விளையாடப் பிடிக்கலயாம்மா?"

"எழுதுறப்ப யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க மாமா" என்றாள், தலையைத் தூக்காமல்.

இதை அப்படியே மச்சானிடம் சொன்னேன். அவர் அல்வாவை விண்டு வாயில் போட்டுக்கொண்டார்.

"சரியாத்தான சொல்றா" என்றார். "படிக்கிற பிள்ளைய யாரு என்ன சொல்லப் போறா?"